காக்கா தொடாத இலை

அக்டோபர் 6, ஞாயிறு

காலைச் சர்க்கரை 168.

இது சர்க்கரை டாக்டரம்மா எழுதச் சொன்ன நோட்டு. தின்பதையெல்லாம் தேதி போட்டு எழுதிக்கொண்டு வரணுமாம். அப்போதுதான் மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரியுமாம். மேலட்டையில் மருமகள் சுகந்தி என் பேரை எழுதிக் கொடுத்தாள், சீனியம்மாள் என்று. சர்க்கரைக்காரிக்குப் பொருத்தமான பேரு என்று மகன் கதிரேசன் சிரித்தான். எங்க அய்யா வைத்த பேர் அது. இவன் சிரித்ததையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

நான் படித்தது கோவில்பட்டியில் நாலாம் வகுப்பு வரை. எழுத்து கோணும். ஞாபகம் கோணாது.

அமெரிக்காவில் இந்தக் கொலம்பஸுக்கு வைகாசியில் வந்தேன். சுகந்திக்கு ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஞாயிற்றுக்கிழமை என் அடுப்புக்கு லீவு என்று சொல்லிவிட்டாள். அதனால் கதிரேசன் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கிறான். இந்தப் பக்கத்தில் உள்ள இந்தியன் ஹோட்டல் ஒன்று விடாமல், வாரம் ஒன்றாக நாலு பேரும் போய்த் தின்று பார்ப்பது. ஆளாளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவது. பேத்தி மிதிலாவுக்குப் பதினொரு வயசு. அவள் போனில் குறித்துக்கொள்வாள்.

இன்றைக்குப் பஞ்சாபிக்காரர் கடை. தின்றது: நான் ரொட்டி ஒன்றரை, பனீர் நாலு துண்டு, பருப்பு ஒரு கரண்டி, குலாப்ஜாமூன் ஒன்று (இது சுகந்திக்குத் தெரியாது).

"எப்படி இருக்கு ஆச்சி?" என்றாள் மிதிலா.

"தக்காளிய வெண்ணெயில குளிப்பாட்டி வெச்சிருக்கான். குளிச்சது போதும், எந்திரின்னு யாரும் சொல்லல."

நாலு மார்க் போட்டேன்.

தண்ணீர் கொண்டு வந்த பெண் அஞ்சு டம்ளர் வைத்தாள். நாங்கள் நாலு பேர். கதிரேசன் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தான்.

கிளம்பும்போது, உள்ளே சமைக்கிற ஆள் எந்த ஊரு என்று கேட்கச் சொன்னேன். ஜலந்தராம்.

"எதுக்கும்மா?"

"சும்மாதான்."

அக்டோபர் 13, ஞாயிறு

சர்க்கரை 181.

ஹைதராபாத் பிரியாணிக் கடை. தின்றது: ஒரு தட்டு பிரியாணி, முட்டை ஒன்று, தயிர்ப் பச்சடி. காரம் காதுவழியாக வந்தது.

"எங்க அம்மா வைக்கிற பிரியாணி மாதிரியே இருக்கு" என்றாள் சுகந்தி. அவள் அம்மா கல்யாணப் பந்தியில் என் இலையைத் தாண்டிப் போய் அடுத்த இலைக்குப் பாயசம் ஊற்றினவள். பதினாலு வருஷம் ஆச்சு, ஆவணி மாசம், மூணாவது வரிசை, தூண் ஓரம். ரெண்டு மார்க் குறைத்துப் போட்டேன்.

இங்கேயும் அஞ்சு டம்ளர். ஆள் இல்லாத நாற்காலிக்கு முன்னால் ஒரு டம்ளர் ஐஸ் மிதந்துகொண்டு நின்றது. இந்தத் தடவை கதிரேசன் திருப்பிக் கொடுக்கவில்லை, அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். சமைக்கிறவர் குண்டூராம். ஆம்பளை.

அக்டோபர் 15, செவ்வாய்

ஓட்ஸ். சுவரொட்டி ஒட்ட ஆகும்.

அக்டோபர் 20, ஞாயிறு

சர்க்கரை 159.

தோசைக் கடை. போர்டில் கோபுரம் வரைந்திருந்தான். தின்றது: இட்லி ரெண்டு, சோறு கொஞ்சம், வத்தக்குழம்பு. குழம்பில் வெல்லம் அள்ளிப் போட்டிருந்தான்.

"எங்க வீட்டுப் புளிக்குழம்புல வெல்லம் போட மாட்டோம். கடலமிட்டாய் போடுவோம்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

மிதிலா விடவில்லை. "குழம்புலயா? மிட்டாயா?"

"வீட்டுல வெல்லம் தீந்து போச்சு. ஒரு கழுத, ஒம்பது வயசு, எங்கிட்டக் கேக்காம கையில இருந்த மிட்டாய நொறுக்கிக் கொதிக்கிற குழம்புல போட்டுட்டு. முதுகுல ஒண்ணு வெச்சேன். உங்க தாத்தா தின்னு பாத்துட்டு, இனிமே இப்படித்தான் வைக்கணும்னாரு. அதுலேருந்து எங்க வீட்டுல மட்டும் அப்படி."

"யாரு ஆச்சி அந்தக் கழுத?"

நான் இலையைப் பார்த்தேன். இங்கே இலை ஏது, தட்டைப் பார்த்தேன்.

"உங்க அத்தை" என்றாள் சுகந்தி. "அப்பாவோட அக்கா."

கதிரேசன் பில் கேட்டான்.

வீட்டுக்கு வந்து எழுதுகிறேன். அவள் பேரை இந்த நோட்டில் எழுத மாட்டேன். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு மறுநாள், பச்சை நைலக்ஸ் சேலையில், எங்கள் தெருவுக்கு எதிர்த்த ஹோட்டலில் புரோட்டா போட்ட சூசையோடு போனாள். அமெரிக்காவில் எங்கேயோ ஹோட்டலில் சமைக்கிறார்கள் என்று பின்னால் காதில் விழுந்தது. வேறு ஆட்கள், வேறு சாமி. அதுகூட இருக்கட்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கே குழாயடியில் தலை முழுகினேன். செத்தவளுக்குச் செய்கிற மாதிரி பதினாறாம் நாள் காரியமும் செய்தேன். அதிலிருந்து வருஷாவருஷம் தீபாவளிக்கு மறுநாள் அவளுக்கு ஒரு இலை. உயிரோடு இருக்கிறவளுக்குப் படையல் போட்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

சமைக்கிறது பொம்பளையா என்று கேட்டேன். கும்பகோணத்துக்காரர் ஒருத்தராம்.

அக்டோபர் 27, ஞாயிறு

குஜராத்திச் சாப்பாடு. எல்லாம் இனிப்பு. சர்க்கரையை நாளைக்கு எழுதிக்கொள்கிறேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அதிரசம் ஒன்று. ரெண்டு.

நவம்பர் 1, வெள்ளி

சர்க்கரை 203.

சுகந்திக்கு இன்று மத்தியான ஷிப்ட். அவள் தூங்கி எழுமுன்னே சமைத்தேன். சோறு, புளிக்குழம்பு, ரெண்டு வடை, அப்பளம். இலை, இந்தியன் கடையில் ஐஸில் வைத்து விற்கிற இலை. அவள் குளிக்கப் போன நேரத்தில் பின்பக்கம் மரத்தளத்தில் போட்டுப் படைத்தேன். கார் ஷெட்டில் கிடந்த பனி அள்ளுகிற பிளாஸ்டிக் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

இந்த ஊர்க் காக்கா நம்ம ஊர்க் காக்காவைவிடப் பெரிசு. கழுத்துச் சாம்பல் கிடையாது, உச்சந்தலையிலிருந்து கருப்பு. வேலியில் வந்து உட்கார்ந்தது. மண்வெட்டியை ஓங்கினேன். போயிற்று. மறுபடி வந்தது. மறுபடி ஓங்கினேன்.

சுகந்தி தலையில் துண்டோடு கதவுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள்.

"அத்தை, படையல் காக்காய்க்குத்தான போடுறது?"

"ஆமா."

"பெறகு எதுக்கு வெரட்டுறீங்க?"

"அசிங்கம் பண்ணி வைக்கும். நீதான தரையக் கழுவணும்."

அவள் போய் ஒரு கம்பளியைக் கொண்டு வந்து என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். பொழுது சாய்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இலையைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன். காக்கா தொடவில்லை.

தின்றது: ஒன்றுமில்லை. படையல் எடுபடாமல் எப்படித் தின்பது. ராத்திரி ரெண்டு தோசை.

நவம்பர் 3, ஞாயிறு

மழை. எங்கும் போகவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

சர்க்கரை பார்க்கவில்லை.

இன்றைக்கு ரெண்டு மணி நேரம் கார். சின்சினாட்டி என்று ஒரு ஊர். ஒரு வேளைச் சோற்றுக்கு இம்புட்டுத் தூரமா என்றேன். நல்ல கடைம்மா என்றான் கதிரேசன். வழியெல்லாம் ரேடியோகூடப் போடவில்லை.

சின்னக் கடை. போர்டு இங்கிலீசில். தண்ணீர் வந்தது. எண்ணினேன். நாலு. இங்கே மட்டும் சரியாக நாலு.

மிதிலா சாப்பாட்டு அட்டையைப் படித்தாள். "ஆச்சி, சண்டே மட்டும் ஒரு குழம்பாம். பக்கத்துல கடலை படம் போட்டிருக்கு. கடலை ஒத்துக்காதவங்க சாப்பிடக் கூடாதாம்."

"குழம்புல எதுக்குக் கடலை?" என்ற சுகந்தி, பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். கதிரேசன் சுவரைப் பார்த்தான்.

"அதையே வாங்கு" என்றேன்.

சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். புளி, சுண்டைக்காய், கடைசியில் அந்த இனிப்பு. ரெண்டாவது வாயில் பல்லுக்கடியில் ஒரு அரைக் கடலை. வெறும் கடலை இல்லை. பாகு ஒட்டின கடலை.

உள்ளேதான் இருக்கிறாள்.

நான் இடம் மாறி அடுப்படிக் கதவைப் பார்த்து உட்கார்ந்தேன். காற்று வரும் என்று. அந்தக் கதவு தள்ளினால் ஆடுகிற கதவு, நடுவில் வட்டமாகக் கண்ணாடி. பரிமாறுகிற பொம்பளை போகும்போதும் வரும்போதும் உள்ளே ஆவி தெரிந்தது. ஒரு தடவை யாரோ குனிந்து நிமிர்ந்த மாதிரி இருந்தது. நானாகப் போக மாட்டேன். பெற்றவள் வந்து உட்கார்ந்திருக்கிறேன், அவள்தான் வரணும். வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தேன். குழம்பில் உப்புக் குறைச்சல் என்று ஆரம்பிக்கலாம் என்று வைத்திருந்தேன்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். வரவில்லை.

"எத்தனை மார்க் ஆச்சி?"

"போட்டுக்கிடலாம். என்ன அவசரம்."

காரில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். பெற்றவள் வந்திருக்கிறாள், எட்டிப் பார்க்கவில்லை. திமிர் கொஞ்சங்கூடக் குறையவில்லை. எங்கிருந்து குறையும், என் வயிற்றில் பிறந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

சர்க்கரை 150. கோதுமை உப்புமா. பெட்டியை ஒதுங்கவைத்தேன். அடியில் ஒரு அரக்குச் சேலை இருக்கிறது. அந்தத் தீபாவளிக்கு அவளுக்கு எடுத்தது. அரக்கு எனக்குப் பிடிக்கலைம்மா என்று சொல்லிப் பழைய பச்சையையே கட்டிக்கொண்டாள். இங்கே வரும்போது பெட்டியில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. மடிப்பு மாற்றி வைத்தேன்.

நவம்பர் 14, வியாழன்

முறுக்கு சுற்றினேன். சுகந்தி யாருக்கு என்றாள். வீட்டில் கிடக்கட்டும் என்றேன்.

நவம்பர் 16, சனி

"நாளைக்கு எந்தக் கடை?" என்று கேட்டேன்.

"நீயே சொல்லும்மா" என்றான் கதிரேசன்.

"போன வாரம் போனதுக்கே போவோம். மார்க் போடல பாரு."

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சரிம்மா என்றான். அவன் குரல் அவங்க அப்பா செத்த அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது.

நவம்பர் 17, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உட்காரவில்லை. முறுக்கு டப்பாவையும் சேலைப் பையையும் எடுத்துக்கொண்டு நேரே அடுப்படிக் கதவைத் தள்ளிவிட்டேன். "அம்மா, கொஞ்சம் இரு" என்று கதிரேசன் பின்னால் வந்தான். இருக்கவில்லை.

அடுப்பு முன்னால் நின்றவன் சூசை. தலை பூராவும் வெளுத்துவிட்டது. தோளில் துண்டு. புரோட்டாக் கல் முன்னால் நின்றபோதும் துண்டை அப்படித்தான் போட்டிருப்பான், இடது தோளில்.

"அவ எங்க?" என்றேன்.

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். அடுப்பை அணைத்தான். "அத்தை" என்றான்.

"அத்தை கித்தைன்னு கூப்பிடாத. அவ எங்க?"

மசால் டப்பா அடுக்கின பலகைக்கு மேலே பார்த்தான். நானும் பார்த்தேன். படம். பிளாஸ்டிக் மல்லிகை மாலை. ஒரு சின்னச் சிலுவை. கன்னமெல்லாம் ஒட்டிப்போய், தலையில் துணி கட்டிக்கொண்டு, சிரித்த மாதிரி.

"வர்ற இருபத்தி நாலாந்தேதியோட மூணு வருசம். புத்துநோயி. டாக்டரு மூணு மாசம்னாரு. ரெண்டு வருசத்துக்கு மேல இருந்தா."

நான் கதிரேசனைத் திரும்பிப் பார்த்தேன். அவனுக்குத் தெரியும். அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"எட்டு வருசமா போன்ல பேசிக்கிட்டு இருந்தோம்மா" என்றான். "நோவு வந்ததும் உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. சொல்லி நீ வரலன்னா தாங்க மாட்டேன்னா. அவ போன பெறகு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒவ்வொரு கடையாப் போய், கடைசியில இங்க வந்தா, நீயே..."

சோற்றைக் காட்டிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான், கன்றுக்குட்டியைக் கூட்டிவருகிற மாதிரி. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாதது வசதியாகப் போயிற்று. போர்டில் அவள் பேர்தான் எழுதியிருக்கிறதாம்.

சூசை ஒரு முக்காலியை இழுத்துப் போட்டான். உட்கார்ந்தேன்.

"நீங்க தீவாளிக்கு மறுநாள் எல போட்டுட்டு, காக்கா தொடாமக் கம்பெடுத்து வெரட்டுவீங்கன்னு கதிரேசன் சொல்லியிருக்கான்" என்றான். "கேட்டு விழுந்து விழுந்து சிரிப்பா. எங்கம்மா என்னையச் சாகவும் சொல்லுவா, சாகவும் விட மாட்டான்னு சொல்லுவா. கடைசி வருசம் படுக்கையில கெடந்து அதையேதான் கேட்டா. எங்கம்மா கம்பெடுத்தாளா, எங்கம்மா கம்பெடுத்தாளான்னு."

"நீ என்ன சொன்ன?" இது கதிரேசனிடம்.

"எடுத்தான்னு சொன்னேம்மா."

நவம்பர் 18, திங்கள்

ஒன்றும் தின்னவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

சர்க்கரை 64. கை நடுங்கிற்று. சுகந்தி ஆரஞ்சுச் சாற்றை என் வாயைப் பிடித்து ஊற்றிவிட்டு, வேலைக்குப் போகாமல் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அவள் அம்மாவை நினைத்தேன். ஒருவேளை அன்றைக்குப் பாயசம் தீர்ந்துபோய் இருக்கும்.

கதிரேசன் கதவு வரைக்கும் வந்தான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நவம்பர் 21, வியாழன்

கஞ்சி அரை டம்ளர்.

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது, நம்பரைத்தான் பார்ப்பாள்.

மூணு வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்கு ரெண்டு நாள் இருக்கும்போது கோவில்பட்டியில் சர்க்கரை ஏறி மயங்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். கண் முழித்ததும் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பாக்கியத்தாய்தான் கூட இருந்தாள். "கவலப்படாதக்கா, வருசா வருசம் நீ போடுற எலய நானே போட்டுட்டேன்" என்றாள். காக்கா எடுத்ததா என்றேன். "போட்ட மறு நிமிசம் வந்து எடுத்திட்டுக்கா, ஒரு பருக்கை விடல" என்றாள். உபகாரம் செய்த முகத்தோடு சொன்னாள். அன்றையிலிருந்து அவளோடு நான் பேசுவதில்லை. எதற்கென்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

இருபத்துமூணு வருஷம் காக்காவைத் தொடவிடாமல் காத்தேன். ஒரு வருஷம் உட்காரவில்லை. காக்கா எடுத்தது. அந்த மாசமே போய்விட்டாள். அப்புறம் போட்ட இலைக்கெல்லாம் கம்பெடுத்து என்ன, ஒருதடவை எடுத்தது எடுத்ததுதானே. தெரிந்தேதான் உட்கார்ந்தேன். கடை கடையாகப் போய் உள்ளே சமைப்பது யார் என்று கேட்டதும் அதனால்தான். சும்மா இல்லை.

சுகந்தியிடம் இன்று இதைச் சொன்னேன். அவள் விரல் விட்டு எண்ணினாள். பிறகு, "அத்தை, டாக்டர் மூணு மாசந்தான்னு சொன்ன பெறகு, நடுவுல ரெண்டு தீவாளி வந்துச்சு" என்றாள்.

"ஆமா."

"அந்த ரெண்டுக்கும் நீங்க கம்பெடுத்தீங்கள்ல?"

எடுத்தேன். ஒன்றில் நல்ல மழை. குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

காலைச் சர்க்கரை 112.

காலையிலேயே கிளம்பச் சொன்னேன். எனக்குச் சமைக்கணும் என்றேன். கதிரேசனிடம் ஒரு வாரத்துக்கு அப்புறம் சொன்ன முதல் பேச்சு அது. அவன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

சூசை இன்றைக்குக் கடை திறக்கவில்லை. அடுப்படியை எனக்கு விட்டுக்கொடுக்காமல் கூடவே நின்றான். கடலைமிட்டாயை மிக்ஸியில் போடப் போனான்.

"கையில நொறுக்கு. அவ கையிலதான் நொறுக்குவா."

"கடைசியில அவளுக்குக் கையில பெலம் இல்ல அத்தை. மிக்ஸியிலதான் போடச் சொன்னா."

நான் வாங்கிக் கையிலேயே நொறுக்கினேன். இனி அத்தை என்று கூப்பிடுவதை நிறுத்தமாட்டான் போலிருக்கிறது.

கடைக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடம். குப்பைத் தொட்டி, ஒரு விளக்குக் கம்பம், தரையெல்லாம் லேசாகப் பனி. மிதிலா ஒரு ஓரத்தைக் காலால் கூட்டிவிட்டாள். இலை போட்டேன். சோறு, குழம்பு, வடை, அப்பளம், முறுக்கு. பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அரக்குச் சேலையைப் பிரித்து இலைக்கு முன்னால் வைத்தேன். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று இருக்கட்டும், வேறு எடுக்க நான் எங்கே போவேன்.

சூசை நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான். போடட்டும்.

கம்பத்தின் உச்சியில் ஒரு காக்கா வந்து உட்கார்ந்தது. என் கை தானாகப் பக்கத்தில் தேடிற்று. கதிரேசன் காரில் இருந்து பனி தட்டுகிற பிரஷ்ஷை எடுத்து வந்து கையில் வைத்துக்கொண்டு நின்றான், நீளமான பிடி. "வேணுமாம்மா?" என்றான்.

"வேண்டாம்."

என் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். இருபத்தாறு வருஷத்தில் கூப்பிடாததைக் கூப்பிட்டேன். கா, கா என்று. மிதிலா கூடச் சேர்ந்து கூப்பிட்டாள். பிறகு சுகந்தி. காக்கா தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தது. வரவில்லை. என்னைத்தான் பார்த்தது. நான் அசைந்தால் அதுவும் அசைந்தது.

அப்போது எனக்குப் புரிந்தது. நான் பக்கத்தில் நிற்கும்வரைக்கும் அது இறங்காது.

பத்து அடி பின்னால் போனேன். போதவில்லை. கதவுக்கு உள்ளேயே போய் நின்றேன். அந்த வட்டக் கண்ணாடி மாதிரி இந்தக் கதவிலும் ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தேன்.

இறங்கிற்று. சோற்றை விட்டது. வடையை விட்டது. குழம்பில் கிடந்த ஒரு அரைக் கடலையைக் கொத்திக்கொண்டு பறந்து போயிற்று.

தின்றது: சோறு ஒரு கரண்டி, புளிக்குழம்பு, அப்பளம் பாதி. காக்கா எடுத்த பிறகு, எல்லோரும் ஒரே மேஜையில். சூசைக்குக் குழம்பு இன்னும் பக்குவப்படவில்லை. பத்துக்கு ஆறு. அவனை நான் மன்னிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் போகணும், உப்பைப் பற்றிச் சொல்லணும்.

என் மகள் பேர் செண்பகவல்லி.